‘ரெச்சிட்’ என்றால் ‘மோசமான’ மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பகுதியை நான் விடாமல் படிக்கிறேன். ஏற்காட்டில் மாலை நேரத்தில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளை அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளவும் சொல்கிறேன். பெரும்பாலும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், சிலர் மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். டவுனில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கோச்சிங் எதுவும் இவர்களுக்குக் கிடையாது. அதனால் நீங்கள் போடுகிற அந்தச் சின்னக் கட்டம் இவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன்.

போன வாரம் அந்தக் கட்டத்தில் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் ‘ரெச்சிட்’ (wretched) என்ற சொல் வந்திருந்தது. உச்சரிப்பு ‘ரெட்ச்டு’ என்று போட்டிருந்தீர்கள், பொருள் ‘மோசமான, கேவலமான’, எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குக் கீழே ‘அந்த மோசமான பிச்சைக்காரன் தெருவில் கிடந்தான்’ என்று தமிழ். உச்சரிப்புப் பிழையைச் சொல்ல மட்டும் என்றால் ஒரு போஸ்ட் கார்டு போதும். எனக்கு வருத்தம் அந்தத் தமிழ் வாக்கியத்தின் மேல்தான். தெருவில் கிடக்கிற ஒரு மனிதரை மோசமானவர் என்று சொல்வதற்கு அந்த ஆங்கிலச் சொல் இடம் கொடுக்கவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர் என்று அது சொல்கிறது, உங்கள் தமிழ் அவரைக் கெட்டவர் ஆக்கிவிட்டது. இதைப் படித்த ஒரு பெண் பிள்ளை என்னிடம், “பிச்சை எடுத்தா மோசமானவங்களா மிஸ்?” என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடலாம். டபிள்யூ ஒலிக்காது, ரைட், ராங், ரிஸ்ட் போன்ற சொற்களில் ஒலிக்காத மாதிரிதான். கடைசியில் வரும் ‘இட்’ தனி அசையாக ஒலிக்க வேண்டும். விக்கிட், நேக்கிட், க்ரூக்கிட் என்று சொல்கிறோமே, அந்த வரிசை. இறந்தகால வினையில் வருகிற ‘ட்’ ஒலி மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் ஏமாந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒரு வினைச்சொல்லே கிடையாது. ‘ரெச்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘இட்’ சேர்ந்து வந்தது. குமட்டுவதற்கு ஆங்கிலத்தில் இதே ஒலியில் ஒரு வினை இருக்கிறது, அதற்கு எழுத்தும் வேறு, பிறப்பும் வேறு. இதோடு ஒட்டுறவு இல்லை.

இனி பொருளுக்கு வருகிறேன். இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் நான்கு விதமாகவாவது பயன்படுத்துகிறார்கள், நீங்கள் கொடுத்தது அதில் ஒரு ஓரம் மட்டும்தான். ஒருவர் காய்ச்சலில் படுத்துக்கொண்டு ‘ஐ ஃபீல் ரெச்சிட்’ என்கிறார் என்றால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ரொம்ப முடியவில்லை என்று அர்த்தம். அதே வாக்கியத்தை ஒரு நண்பரிடம் கடுமையாகப் பேசிவிட்ட பிறகு சொன்னால், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் ‘மோசமான’ என்று பொருள் போட்டால் அந்த ஆள் தன்னைத் தானே கெட்டவன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டாவதாக, இடங்களுக்கு, நிலைமைகளுக்கு இந்தச் சொல் வரும்: ஒழுகுகிற குடிசை, மூன்று பேர் படுக்க முடியாத அறையில் எட்டுப் பேர், அந்த மாதிரி வாழ்க்கை நிலையைச் சொல்ல. அங்கே அவலமான, நரகமான என்றெல்லாம் சொல்லலாம்.

மூன்றாவது ஒரு பயன்பாடு இருக்கிறது, அது பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. ஏதாவது ஒரு பொருள் மேல் எரிச்சல் வந்தால் ஆங்கிலேயர்கள் அதற்கு முன்னால் இந்தச் சொல்லைப் போடுவார்கள். சாவியைக் காணோம் என்றால் ‘அந்த ரெச்சிட் சாவி எங்கே போச்சு’ என்பார்கள். இதற்கு நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பாழாய்ப்போன. ‘இந்தப் பாழாய்ப்போன மழை எப்போ விடும்’, ‘இந்தப் பாழாய்ப்போன போன் இப்பன்னு பாத்து ஆஃப் ஆயிடுச்சு’. அங்கே சாவி மோசமும் இல்லை, மழை மோசமும் இல்லை. சொல்கிறவருக்கு ஆற்றாமை, அவ்வளவுதான். காப்பிப் பழம் காய வைக்கிற களத்தில் திடீரென்று மழை இறங்கும்போது இங்கே யார் வாயிலும் முதலில் வருவது அந்தப் பாழாய்ப்போனதுதான்.

நான்காவதுதான் திட்டு. ‘யூ ரெச்!’ என்றால் வசவு. ஆனால் அதே ‘ரெச்’ முன்னால் ‘புவர்’ என்று சேர்த்தால் முழு இரக்கமாகிவிடும். ஒரே சொல் ஒரு வாயில் அடியும் இன்னொரு வாயில் அணைப்பும் ஆவது எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். நம்முடைய ‘பாவி’யை எடுத்துப் பாருங்கள் என்றேன். ‘அடப்பாவி, இப்படிப் பண்ணிட்டியே’ என்றால் திட்டு. ‘அந்தப் பாவி மனுசன் எங்கே போவான், என்ன பண்ணுவான்’ என்றால் கண் கலங்கிச் சொல்வது. ‘பாவம்’ என்ற சொல்லே ஒரு பக்கம் தீவினை, இன்னொரு பக்கம் ‘ஐயோ பாவம்’. இதை ஒருவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, குரலில் வருகிறது. ஆகவே தமிழில் பொருள் எழுதுகிறவருக்கு ‘மோசமான’ தவிர வேறு வழியில்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கைக்கெட்டிய தூரத்தில் இத்தனை சொற்கள் இருக்கின்றன.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘வ்ரெச்சா’ என்ற ஒரு சொல் இருந்தது. அப்போது டபிள்யூவையும் சேர்த்துத்தான் ஒலித்தார்கள். அதற்கு என்ன பொருள் தெரியுமா? ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன். நாடு கடத்தப்பட்டவன், தன் ஊர் மண்ணில் கால் வைக்க முடியாதவன். ‘வ்ரெக்கன்’ என்ற வினையிலிருந்து வந்தது, அதற்குத் துரத்து, விரட்டு, தண்டி, பழிவாங்கு என்றெல்லாம் பொருள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் பழி தீர்ப்பதற்கும் நாசம் விளைவிப்பதற்கும் ‘ரீக்’ என்று ஒரு வினை இருக்கிறதே, அது இதே வ்ரெக்கன்தான், தேய்ந்து வந்தது.

ஆக, ரெச்சிட் என்ற சொல்லுக்குள் முதலில் இருந்தது குணம் பற்றிய செய்தியே இல்லை. யாரோ ஒருவர் இன்னொருவரைத் துரத்தினார் என்ற நடப்பு. துரத்தப்பட்டவன் துன்பப்படுவான், அதனால் துன்பப்படுகிறவன் என்று பொருள் வந்தது. துன்பப்படுகிறவனைப் பார்த்து ஒருவர் இரக்கப்பட்டார், இன்னொருவர் முகம் சுளித்தார். முகம் சுளித்தவர்களின் பொருளும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. துரத்தியவன் யார் என்பது மட்டும் சொல்லிலிருந்து காணாமல் போய்விட்டது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு மனிதனுக்குக் காப்பு என்பது அவனுடைய தலைவனும் உறவுக்கூட்டமும்தான். தலைவனை இழந்தவன், கூட்டத்திலிருந்து தள்ளப்பட்டவன் என்றால் அவனை யார் என்ன செய்தாலும் கேட்க ஆள் கிடையாது. ‘நாதியற்றவன்’ என்று நாம் சொல்வது இதைத்தான். எக்சிட்டர் என்ற ஊரின் தேவாலயத்தில் ஒரு பழைய தோல் சுவடித் தொகுப்பு இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு பெண் பேசுகிற பாட்டு உண்டு. கணவன் கடல் தாண்டிப் போய்விட்டான், அவனுடைய சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் பிரிக்கச் சூழ்ச்சி செய்தார்கள், தன்னை நட்பில்லாத வ்ரெச்சா என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். ஓக் மரத்தடியில் ஒரு மண்குகையில் இருந்துகொண்டு அழுகிறாள். நம் பாலைத்திணையில் பொருள் தேடிப் போகிறவன் திரும்பி வருவான், காத்திருக்க ஒரு வீடு இருக்கிறது, தோழி இருக்கிறாள். இவளுக்கு அது எதுவுமே இல்லை. இவளைப் பார்த்து மோசமானவள் என்று எழுத உங்கள் பேனாவுக்கு மனசு வருமா, ஐயா?

இன்னொரு விஷயம் கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதே வேர் ஜெர்மன் மொழிக்கும் போயிருக்கிறது. அங்கேயும் தொடக்கத்தில் துரத்தப்பட்டவன் என்றுதான் பொருள். ஆனால் ஊரை விட்டுப் போனவன் அங்கங்கே சுற்றுகிறான், சண்டை போடுகிறான், தன் கையை மட்டும் நம்பி வாழ்கிறான், அப்படியே பேர் வாங்குகிறான் என்று அந்தச் சொல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இன்றைய ஜெர்மனில் ‘ரெக்கே’ என்றால் வீரன்! பழைய ஆங்கிலப் பாட்டுகளிலும் வ்ரெச்சா என்ற சொல் சில இடங்களில் பேர்பெற்ற வீரனுக்கு வருகிறது. அதாவது ஒரே மனிதன், ஒரே நிலைமை. ஒரு மொழி அவனை வீரன் என்று வைத்துக்கொண்டது, இன்னொன்று கேவலமானவன் என்று ஒதுக்கியது. இது அந்த மனிதனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பார்த்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறது.

நாம் மட்டும் என்ன செய்தோம் என்று பாருங்கள். ‘பரதேசி’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வேறு தேசத்துக்காரர், அவ்வளவுதான். ஊர் ஊராக நடக்கிற துறவியைப் பரதேசி என்று கும்பிட்டவர்களும் நாம்தான். வீட்டு வாசலில் பரதேசிக்குச் சோறு போட்ட பிறகு சாப்பிட உட்கார்ந்த குடும்பங்கள் உண்டு. அதே சொல்லை இன்றைக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மேல் வீசினால் அடிதடி நடக்கும். ஆங்கிலத்தில் வ்ரெச்சா போன பாதையில் அச்சுப் பிசகாமல் நம் பரதேசியும் போயிருக்கிறது. துறவியும் வசவும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே வீரனும் கேவலமானவனும் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

‘பிழைக்க வந்தவன்’ என்பதும் அப்படித்தான். பிழைப்பதற்காக ஒரு ஊருக்கு வருவது குற்றமா? ஆனால் இரண்டு பேருக்குள் ஒரு வேலித் தகராறு வந்தால் முதலில் வருவது ‘பொழைக்க வந்த நாயி’ என்ற பேச்சு. மனசு எரிகிறது இதை எழுதும்போது, ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டவர்கள்.

‘அகதி’ மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்திருக்கிறது. கதி இல்லாதவர், போக்கிடம் இல்லாதவர், ஆதரவற்றவர் என்பதுதான் அதன் பழைய பொருள். நாட்டைவிட்டு ஓடி வந்தவர் என்ற இன்றைய பொருள் பிறகு வந்து அதன் மேல் உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் நாடு இழந்தவர் என்ற சொல் துயரத்தைக் குறிக்கப் போனது, தமிழில் துயரத்தைக் குறித்த சொல் நாடு இழந்தவரைக் குறிக்க வந்தது. எங்கேயோ ஓர் இடத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. அதனால் ஒரு மாணவி ரெச்சிட் என்ற சொல்லின் பழைய பொருளைத் தமிழில் கேட்டால் நான் தயங்காமல் அகதி என்பேன். ஏதிலி என்றும் சொல்வேன். ஏதிலார் என்று குறளில் வருவது அயலாரை, ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்’ என்று பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். அந்த அயலார்தான் இன்றைக்கு ஏதிலி ஆகியிருக்கிறார்.

இந்தப் பாடத்தை நடத்துவதற்கு ஏற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இந்தச் சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களே (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைவாசிகளின் பெயர் அது), தாங்கள் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கீழே இருந்த ஊரை விட்டு வந்தவர்கள் மலையில் சாமை, ராகி விதைத்தார்கள், உச்சியில் சேர்வராயன் கோயிலை வைத்துக்கொண்டு மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள், மலையே அவர்களுடையதாகத்தான் இருந்தது. துரத்தப்பட்டார்களா, தாங்களே வந்தார்களா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஊர் விட்டு வந்தவர் நிலைத்து நின்றால் அவருக்கு என்ன மரியாதை என்று அவர்களைப் பார்த்தால் தெரியும். ஜெர்மன்காரன் ரெக்கே என்றது இந்த மாதிரி மனிதர்களைத்தான் என்று வகுப்பில் சொன்னேன், மலைக் கிராமத்துப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் வந்தது, எஸ்டேட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது, கீழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மேலே ஏறினார்கள். அதே காலத்தையொட்டி இலங்கையில் காப்பித் தோட்டங்கள் விரிந்தன, அங்கேயும் ஆள் வேண்டியிருந்தது. சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணிகள் பின்னால் ஜனங்கள் நடந்தார்கள். 1876-78ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. இங்கே மோசமாக என்ற சொல் சரி, பஞ்சத்துக்கு அது பொருந்தும், பசித்தவருக்குப் பொருந்தாது. அந்த ஜனங்களை யாரும் கம்பு எடுத்துத் துரத்தவில்லை, மழை பொய்த்ததும் அன்றைய ஆட்சியின் கணக்கும் கடனும்தான் துரத்தின. ஆனால் போன இடத்தில் அவர்களுக்கு ஒட்டிய பெயர் என்ன? இலங்கையில் ‘கள்ளத்தோணி’. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து, 1964ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டபோது இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள், இங்கே அவர்கள் ‘சிலோன்காரன்’. தங்கள் பாட்டன் கிளம்பிய அதே மாவட்டத்துக்குத் திரும்பி வந்தவர்களுக்கும் அதே பெயர்தான். ரெச்சிட் என்ற சொல்லின் ஆயிரம் வருடக் கதையும் இவர்களுடைய இரண்டு மூன்று தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்டது. முதலில் துரத்தப்பட்டார்கள், பிறகு துன்பப்பட்டார்கள், பிறகு அந்தத் துன்பத்துக்காகவே ஏளனம் செய்யப்பட்டார்கள்.

பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 2021ல் தமிழ்நாடு அரசு இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியபோது நான் சந்தோஷப்பட்டேன். நம் சேலம் மாவட்டத்திலும் அப்படிப்பட்ட முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தங்கள் முகவரியை எழுதும்போது என்ன எழுதுகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அகதி என்பது தன்னளவில் கெட்ட சொல் இல்லை, கதியற்றவர் என்று உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் முப்பது நாற்பது வருடமாக ஒரே இடத்தில் உழைத்து வாழ்கிறவரை இன்னும் கதியற்றவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தச் சொல்லும் வ்ரெச்சா மாதிரி அழுகத்தான் செய்யும்.

இப்போது சேலத்துக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். கட்டட வேலையில் பார்க்கிறோம், ஓட்டல்களில் பார்க்கிறோம். ‘வடக்கன்’ என்ற சொல் வெறும் திசைப் பெயராகத்தான் ஆரம்பித்தது. அதைச் சொல்லும் குரல் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதை டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கேட்கலாம். ஒரு சொல் கெட்டுப்போவதைப் பழைய புத்தகங்களில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, நம் கண் முன்னால் நடக்கிறது, பத்திரிகைகளுக்கு அதில் பங்கு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், என் மாணவர்களுக்குச் சொல்லிவிட்டோம் என்று சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்திலும் எல்லோரும் இந்தச் சொல்லைக் கேவலத்துக்கு விட்டுக்கொடுத்துவிடவில்லை. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு நிதி திரட்டுவதற்காக எம்மா லாசரஸ் என்ற பெண் கவிஞர் 1883ல் ஒரு கவிதை எழுதினார். 1903ல் அதைப் பலகையில் பொறித்து அங்கே வைத்தார்கள். ரஷ்யாவிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த யூத அகதிகளோடு பழகியவர் அவர். சிலையே பேசுகிற அந்தக் கவிதையில், உங்கள் கரைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ரெச்சிட் மக்களை என்னிடம் அனுப்புங்கள், நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று வருகிறது. அந்த இடத்தில் ‘மோசமான’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், கவிதை செத்துவிடும். துரத்தப்பட்டவர்கள் என்று போட்டால் அப்படியே எழுந்து நிற்கும்.

1871ல் பாரிஸ் எழுச்சி நசுக்கப்பட்டதும் யூஜின் போத்தியே எழுதிய பாட்டு, உலகமெங்கும் தொழிலாளர்கள் பாடும் சர்வதேச கீதம், அதன் பிரெஞ்சு முதல் வரியில் சபிக்கப்பட்டவர்களே எழுங்கள் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள் அந்த இடத்தில் ரெச்சிட் என்ற சொல்லைப் போட்டார்கள். தமிழில் அது ‘பாரில் கடையரே’ ஆனது. மே தினத்தில் கேட்டிருப்பீர்கள். கடையர் என்பதும் தாழ்வான சொல்தான், வள்ளுவரே கல்லாதவரைக் கடையர் என்று கடிந்திருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டில் ‘எழுங்கள்’ என்ற அழைப்போடு சேரும்போது அந்தச் சொல்லில் ஒரு துளி இழிவும் இல்லை. பாடுகிறவர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொள்கிறார்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தேவாலயங்களில் பாடுகிற புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டு ஒன்றிலும் இந்தச் சொல் ‘ரெச்’ என்று பெயர்ச்சொல்லாக வருகிறது. அடிமை வியாபாரக் கப்பலில் கேப்டனாக இருந்து, பிறகு பாதிரியாரான ஜான் நியூட்டன் எழுதி 1779ல் அச்சானது. என்னைப் போன்ற ஒரு ரெச்சையும் கடவுளின் கிருபை காப்பாற்றியதே என்று பாடுகிறார். இந்தச் சொல் மனிதரைத் தாழ்த்துகிறது என்று சில பாட்டுப் புத்தகங்களில் மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன்னைத் தானே ஒருவர் பாவி என்று சொல்லிக்கொள்வதும் அடுத்தவர் மேல் அதை எறிவதும் ஒன்றாகாது. நம் பக்தர்கள் ‘நாயேன்’, ‘அடியேன்’ என்று பாடவில்லையா, அதை யாராவது திருத்தினார்களா?

‘மிசரபிள்’ என்ற சொல்லையும் நீங்கள் எப்போதாவது போடுவீர்கள், அதனால் ஒரு வரி. லத்தீனில் ‘மிசர்’ என்றால் துன்பத்தில் இருப்பவர். ஆங்கிலத்தில் ‘மைசர்’ என்று கஞ்சனைச் சொல்கிறார்களே, அதுவும் அதே சொல்தான். பணம் இருந்தும் அனுபவிக்காமல் துன்பப்படுகிறவன் என்று போயிருக்கிறது. விக்டர் ஹியூகோவின் 1862 நாவலின் தலைப்பில் இருப்பது இந்தச் சொல்லின் பிரெஞ்சு வடிவம். ஆங்கிலத்தில் அந்தத் தலைப்பைப் பெரும்பாலும் மொழிபெயர்க்காமல் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டார்கள். நம் சுத்தானந்த பாரதியார் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று வைத்தார். என்ன அழகான வேலை அது! அடைமொழி தேடி அவர் அலையவில்லை, மனிதர் இன்னார் என்றும் தீர்ப்பு எழுதவில்லை, அவர் படுகிற பாட்டைச் சொன்னார். தமிழில் துன்பம் பெரும்பாலும் வினையில்தான் இருக்கிறது: பாடு பட்டார், அல்லல் பட்டார், சீரழிந்தார், தவித்தார், அலைக்கழிந்தார். ஆள் மேல் ஒட்டாமல் நடப்பின் மேல் ஒட்டுகிறது. மொழிபெயர்க்கும்போது இந்த வசதியை நாம் ஏன் விடவேண்டும்?

சரி, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். உச்சரிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்கள், பிள்ளைகள் தேர்வில் வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருக்கும். ‘மோசமான, கேவலமான’ என்ற பொருளுக்கு முன்னால் ‘பெருந்துன்பத்தில் உள்ள, அவலமான, மனம் நொந்த’ என்பவற்றைப் போடுங்கள். திட்டாக வரும் பொருள் கடைசியில் இருக்கட்டும், நீக்கவேண்டாம், அந்தப் பயன்பாடும் உண்மைதான். அந்தப் பிச்சைக்காரர் வாக்கியத்தை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். என் மாணவி ஒருத்தி எழுதிய வாக்கியத்தைத் தருகிறேன், விருப்பமிருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்: ‘மழையில் வீடு இடிந்த பிறகு அந்தக் குடும்பம் பள்ளிக்கூட வராண்டாவில் பெரும் அவதியோடு நாட்களைக் கழித்தது.’ ‘அவதியோடு’ இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் நம் சொல் வரும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சொல்லோடு அதன் பிறப்பையும் இரண்டு வரியில் சேர்க்க முடியுமா? இடம் இல்லை என்றால் வாரத்துக்கு ஒரு சொல்லுக்காவது செய்யுங்கள். பொருளை மனப்பாடம் செய்கிற பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். துரத்தப்பட்டவன் கதையைக் கேட்ட பிள்ளைகள் மறக்கவில்லை, அடுத்த நாளே வந்து வேறு எந்தச் சொல்லுக்கு இப்படிக் கதை இருக்கிறது என்று நச்சரிக்கிறார்கள். முதலாவதாக ‘வில்லன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் அதைத் தெரியாத குழந்தை கிடையாது. வில்லா என்றால் லத்தீனில் பண்ணை வீடு, அந்தப் பண்ணையில் வேலை செய்த ஏழை ஆளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். எங்கள் மலையில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் வில்லா வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது. அதன் தோட்டத்தில் புல் வெட்டுகிறவரின் மகன் என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்காருகிறான். அவன் அதை உங்கள் பத்திரிகையில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.